இரட்டை வள்ளத்தில் நாலு பேர்

"டீச்சர், உங்ககிட்ட எத்தனையோ பிளான் இருக்கு. எனக்கு ஒண்ணு தந்தா போதும். வீட்டு முற்றத்துலயே கட்டிருவேன்."

டீச்சரைத் தேடி வந்த நாளிலிருந்து தனிஸ்லாஸ் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கடல் தொழில் செய்கிறவர். ஐம்பதை நெருங்கிவிட்டார். பெனடிக்டா அவரைவிட இளையவர். கல்லூரியில் படகு வடிவமைப்பு கற்பித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டுக் கடற்கரையில் கொட்டகை போட்டுப் படகு வரைகிறார். கரையில் எல்லோருக்கும் இன்னும் டீச்சர்தான்.

"எப்படிப்பட்ட படகு அண்ணா?"

"ரெண்டு வள்ளத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுவுல பலகை அடிச்ச மாதிரி. எஞ்சின் போட்டது, வேகமாப் போகணும். சாயாது, நின்னு வலை இழுக்கலாம். போன்ல நிறைய பாத்தேன். எல்லாம் வெளிநாட்டுக்காரங்க லீவு நாள்ல தூண்டில் போடப் போறது."

"உங்களுது?"

"பொழைக்கப் போறது."

டீச்சர் ஒரு மரக்கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"சின்னதா ஒண்ணு செதுக்குங்க."

கடலுக்குப் போகாத நாட்களில் தனிஸ்லாஸ் கொட்டகைக்கு வந்து செதுக்கினார். டீச்சர் அதிகம் பேசவில்லை. தடிமனாக இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அவர் அதைச் சீவினார்.

படகு முடிந்தது. கைக்கு அடக்கமான இரண்டு ஒல்லி உடல்கள், நடுவில் ஒரு பலகை. டீச்சர் இரண்டு உடலிலும் சிவப்புக் கோடு ஒன்று வரைந்து, தண்ணீர்த் தொட்டியில் விட்டார். அசையாமல் மிதந்தது.

"இதையே பெருசா வரைஞ்சு தாங்க டீச்சர்."

"முதல்ல ஏத்துங்க."

"என்னத்தை?"

"நீங்க கொண்டுபோறது எல்லாத்தையும்."

படகின் அளவுக்குத் தக்கபடி தராசில் நிறுத்து வைத்த கற்கள் ஒரு தட்டில் இருந்தன. தனிஸ்லாஸ் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எஞ்சின். எண்ணெய். ஐஸ். வலை.

பிறகு ஆட்கள்.

"இது நான். இது ரெண்டும் மச்சான்மாரு. இது சேசடிமை, எங்கூடத் தொழிலுக்கு வாரவன்."

கடைசியாக மீன். பெரிய கல்.

சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது.

"கோடு தாண்டினா என்ன?"

"அலை நடுப்பலகைக்கு அடியில வந்து இடிக்கும். நல்ல கடல்ல சமாளிக்கலாம். ஆடி மாசம் பலகை பிளந்திரும்."

"அப்ப உடம்பை அகலமாக்கிருவோம்."

"ஆக்கலாம். நீங்க வாங்கி வச்சிருக்கிற எஞ்சினுக்கு மெதுவாத்தான் போகும். வேகம் வேணும்னு சொன்னீங்களே?"

"வேணும். பிந்தி வந்தா ஏலத்துல நம்ம மீனை யாரு பாப்பா?"

"அப்ப ஒரு கல்லை எடுங்க."

தனிஸ்லாஸின் விரல் வலையைத் தொட்டது. விட்டது. ஐஸைத் தொட்டது. விட்டது. மீன் கல்லின் மேல் சற்று நேரம் நின்றது.

"இதுக்குத்தானே போறதே," என்றார்.

பிறகு ஆட்களில் ஒரு கல்லை எடுத்தார். படகு மெல்ல எழும்பியது. சிவப்புக் கோடு வெளியே வந்தது.

"யாரு அது?"

"ஒரு ஆளு."

"பேரு?"

தொட்டித் தண்ணீர் அசைவது நின்றது.

"சேசடிமை."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான்மாரை விட்டா வீட்டுல இருக்க முடியாது டீச்சர். இவனுக்கு வலது கையில ரெண்டு விரல் மடங்காது. கயித்துல சிக்கினது. எங்கூடக் கடல்ல நிக்கும்போதுதான்."

"சரி. மூணு பேருக்கு வரைஞ்சிருதேன். படகைக் கட்டப்போறது யாரு?"

"நாங்க நாலு பேரும்தான்."

"அப்ப பலகை அறுக்கதுக்கு முன்னால அவர்கிட்ட சொல்லிருங்க."

அன்று சாயங்காலம் தனிஸ்லாஸ் சேசடிமை வீட்டுக்குப் போனார்.

முற்றம் முழுக்க மரத்தூள். சேசடிமை இடது கையில் மரம் அறுக்கும் வாளைப் பிடித்து, பழைய பலகை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அறுத்த துண்டுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் கோணல்.

"உங்க புதுப் படகுக்காம்," என்றாள் அவர் மனைவி மெர்சி. "கூப்பிட்டாச் சோறு திங்கக்கூட எந்திரிக்க மாட்டேங்காரு."

சேசடிமை ஒரு துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓரத்தைப் பார்த்தார்.

"இடது கை இன்னும் படியல. பிளான் வாரதுக்குள்ள படிஞ்சிரும். எப்ப வருது?"

தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு," என்றார்.

மெர்சி சாயா கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார். வாளின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலையில் டீச்சரின் மேஜையில் வரைபடம் விரிந்து கிடந்தது. மூன்று பேர் நிற்கும் படகு. கோடுகள் அழகாக இருந்தன.

"சொல்லிட்டீங்களா?"

தனிஸ்லாஸ் வரைபடத்தைச் சுருட்டி அவரிடமே நீட்டினார்.

"உடம்பை அகலமாக்கிருங்க டீச்சர்."

"மெதுவாப் போகும்."

"தெரியும்."

"மத்தவங்க எல்லாம் உங்களுக்கு முன்னால கரை சேர்ந்திருவாங்க."

"சேரட்டும். நாங்க கொஞ்சம் முந்தியே கிளம்பிக்கிடுதோம்."