படுத்தபடி நடந்த அரசவை

வெகு காலத்துக்கு முன்னால் கரும்பூர் நாட்டைப் பொன்முடிவேள் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்தாக வேண்டும் அவனுக்கு. ஒருநாள் காலை, யானைமேல் நின்றபடி பலாப்பழம் பறிக்கத் தோன்றிவிட்டது.

பழத்தை அவன் கட்டிப்பிடித்த நேரத்தில் யானை நடந்துவிட்டது. அரசனும் பழமும் சற்று நேரம் மரத்தில் தொங்கினார்கள். பிறகு ஒன்றாகவே விழுந்தார்கள்.

"முதுகில் உயிர் போகிறது. கால் மரத்துப்போகிறது" என்று முனகினான் அரசன்.

தளபதி அடலேறு பாய்ந்து வந்தான். அமைச்சர் இளம்பூதியாரை முந்திக்கொண்டு நல்ல பெயர் வாங்குவதே அவன் பிழைப்பு. "ஆளுக்கொரு கை, காலாகப் பிடியுங்கள். ஒரே தூக்கில் அரண்மனைக்குப் போய்விடலாம்" என்றான்.

அமைச்சருக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. கோட்டைச் சுவரிலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை இப்படித்தான் அள்ளித் தூக்கினார்கள். அவர் அப்புறம் நடக்கவே இல்லை. வேண்டாம் என்றால் அடலேறு கேட்கமாட்டான். அதற்குள் கூட வந்திருந்த நாற்பது பேரும் குனிந்துவிட்டார்கள்.

இளம்பூதியார் சட்டென்று தரையில் மல்லாந்து படுத்தார். "மன்னர் இன்று படுத்தபடி அவை கூட்டியிருக்கிறார். அவர் தலைக்குமேல் எவன் தலை உயர்ந்தாலும் ராஜத்துரோகம்."

அத்தனை பேரும் தொப்தொப்பென்று படுத்தார்கள். அவைப்புலவர் பலாச்சுளைமேல் படுத்தார். அடலேறு மட்டும் குனிந்தபடி யோசித்தான். அரசன் ஒரு பார்வை பார்த்தான், அவனும் படுத்தான்.

"அவையில் என்ன விசாரணை, அமைச்சரே?"

"தங்களை எப்படித் தூக்குவது என்பதுதான், மன்னா. தலையை மட்டும் அசைக்காதீர்கள்."

மருத்துவச்சி நக்கண்ணை ஓடிவந்து திகைத்தாள். "இதில் அடிபட்டவர் யார்?"

அரசன் முனகலைக் கேட்டு அடையாளம் கண்டாள். அவன் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஆறு பேருக்கு மட்டும் முழங்காலிட அனுமதி கிடைத்தது. அவள் சொல்லுக்கு ஆறு பேரும் ஒன்றாக, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேராக இருக்கும்படி, அரசனைப் பக்கவாட்டில் புரட்டினார்கள். முதுகுக்கடியில் ஒரு கதவுப்பலகை நுழைந்தது. மேல்துண்டுகளால் கட்டி, ஒரே நடையாகச் சுமந்தார்கள்.

"மன்னா, நான் எழலாமா?" என்றான் அடலேறு.

"மருத்துவச்சி பார்க்காமலா? முதுகுக்கு என்ன ஆகியிருக்குமோ" என்றான் அரசன், பலகையில் போய்க்கொண்டே.

அவள் அடலேறுவைப் பார்க்க வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பலாச்சாற்றுக்கு வந்த எறும்புகள் அவனையும் விடவில்லை.

மூன்று மாதம் கழித்து அரசன் தன் காலாலேயே நடந்து அவைக்கு வந்தான். அமைச்சருக்கு அந்த யானையையே பரிசாகக் கொடுத்தான். நக்கண்ணைக்கு ஒரு மருத்துவச்சாலை கட்டிக்கொடுத்தான். அடிபட்டவர்களைச் சுமக்கும் பலகைக்கு அடலேறுவைப் பொறுப்பாக்கினான்.

"உன் பலத்தை நான் குறை சொல்லவில்லை. அவள் சொன்னபிறகு தூக்கு, அவ்வளவுதான்" என்றான்.