கூரைக்காரிக்கு ஏழு நாள் நோட்டீஸ்

அந்தச் சத்தம் முதல் நாள் ராத்திரி கேட்டபோது, என் வீட்டுக்காரர் லூர்துதான் குறட்டை விடுகிறார் என்று நினைத்து அவர் விலாவில் ஒரு குத்து விட்டேன். அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். நான்தான் குறட்டை விடுகிறேன் என்று நினைத்து, சொல்லப் பயந்து படுத்திருந்தாராம்.

மறுபடி வந்தது. யாரோ தொண்டைக்குள் ரம்பத்தை விட்டு அறுத்து, நடுவில் ஒரு தடவை காறிக்கொள்வது போல. ஏழு மாதக் குழந்தை ஜோவியை வாரி எடுத்துக்கொண்டேன்.

"என்னங்க, பின்கதவுல தாழ் போட்டீங்களா?"

"அது என்னைக்கு விழுந்திருக்கு, இன்னைக்கு விழ?"

அது உண்மை. எங்கள் பின்கதவின் உச்சியில், கீழே விழுந்து பூட்ட வேண்டிய தாழ்ப்பாள், எத்தனையோ வருஷத்துப் பெயிண்ட்டில் இறுகிப்போய் மேலேயே நின்றது. மெல்பர்னில் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். எட்டு மாதமும் ராத்திரி நான் அதே கேள்வியைக் கேட்டேன், அவர் அதே பதிலைச் சொன்னார். எங்களுக்கு அதுவே இரவு ஜெபம் மாதிரி ஆகிவிட்டது.

பக்கத்து அறையிலிருந்து சிவசைலம் வந்தான். அம்பாசமுத்திரத்துப் பையன், கிடங்கு ஒன்றில் வேலை, வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அவனுடையது. வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த பாதுகாப்புப் பயிற்சியை அவன் இன்னும் முடித்ததாக நினைக்கவில்லை. தலையில் ஹெல்மெட், மஞ்சள் உடுப்பு, கையில் டார்ச். சீலிங்கில் இருந்த சதுரப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"அண்ணாச்சி, பொஸம். நம்மூரு மரநாய் மாதிரி, கூரையில குடியேறும். பூனை கனத்துல இருக்கு. வாலு மட்டும் பாட்டில் கழுவுத பிரஷ் மாதிரி. மொறைக்குது."

"திருடன் இல்லையே?" என்றார் லூர்து.

"திருடனா இருந்தா பரவாயில்ல அண்ணாச்சி. ஒப்பந்தத்துல திருடனைப் பத்தி ஒண்ணுமே போடல."

அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது ஞாபகம் வந்தது. வாடகை ஒப்பந்தம், பதினெட்டாம் பக்கம்: வீட்டுக்குள் பிராணிகள் இருக்கக் கூடாது, இருந்தால் வீட்டைக் காலி செய்ய நேரிடும். பத்து நாளில் வீட்டு ஏஜெண்ட் வந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் வேறு. இந்த வீட்டுக்காக நாங்கள் முப்பத்தியோரு இடத்தில் விண்ணப்பம் போட்டோம். கடைசி ஆறு வீட்டை நிறைமாத வயிற்றோடு வரிசையில் நின்று பார்த்தேன். இது போனால் கைக்குழந்தையோடு எங்கே போவது?

"சீலிங்குக்கு மேல இருக்கிறது வீட்டுக்குள்ளயா, வெளியயா?" என்று கேட்டேன்.

சிவசைலம் நன்றாக யோசித்தான். "மழை பெஞ்சா அது நனையாதுலா மதினி. அப்ப உள்ளதான்."

"ஏஜெண்ட் அம்மாகிட்டயே கேட்டுருவமா?" என்றார் லூர்து.

"கேட்டா, இருக்குன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரில்லா அண்ணாச்சி."

ஆகவே கேட்கவில்லை. கான்வென்ட்டில் எனக்குப் பன்னிரண்டு வருஷம் பாடம் சொன்ன சிஸ்டர் பெர்பெத்துவா, எழுதியிருப்பதை எழுதியபடி செய்கிறவளுக்கு ஒரு கெடுதலும் வராது என்பார். அவர் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததில்லை.

நகராட்சித் துண்டுத்தாள் ஒன்று கிடைத்தது. பொஸத்தைக் கூண்டு வைத்துப் பிடிக்கலாம். ஆனால் பிடித்த இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள்தான் விட வேண்டும். கூண்டு எடுத்து வந்து ஆப்பிள் வைத்தோம். அரை மணி நேரத்தில் மாட்டியது. சிவசைலம் டேப் பிடித்து அளந்தான். நாற்பத்தொன்பதரை மீட்டரில் ஒரு வேலி, அதன் பக்கத்தில் மரம்.

"இன்னும் அரை மீட்டர் இருக்குல்லா," என்றார் லூர்து.

"அது கைக்காவல் அண்ணாச்சி. டேப்பு வெயில்ல நீண்டிருந்தா?"

மரத்தடியில் திறந்து விட்டோம். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலி மேல் நடந்தது. நாங்கள் டேப்பைச் சுருட்டி, கேட்டைச் சாத்தி, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தோம். அது மேலே காறியது.

துண்டுத்தாளின் அடுத்த வரி: கூரைக்குள் வெளிச்சமும் சத்தமும் தொடர்ந்து இருந்தால் பொஸம் விலகிப்போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீலிங்குக்குள் நூறு வாட் விளக்கும் ஒரு ரேடியோவும் வைத்தான் சிவசைலம். கைக்கு வந்த ஸ்டேஷனில் குதிரைப் பந்தய வர்ணனை ஓடியது. பந்தயம் முடிய முடிய அடுத்தது. ஜோவி தூங்கவில்லை, நாங்கள் தூங்கவில்லை. பொஸம் மட்டும் காறுவதை நிறுத்திவிட்டுக் கவனித்துக் கேட்டது.

வீட்டில் இருக்க முடியாததால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியே சுற்றுவது என்று முடிவானது.

சனிக்கிழமை காட்டுப் பக்கம் போனோம். வழியில் மஞ்சள் பலகை, கங்காரு படம், கீழே 'அடுத்த 5 கி.மீ.' என்று எழுத்து. லூர்து வண்டியின் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்தார். ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. ஒரு வாலைக்கூடக் காணோம். நாலே முக்காலில் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இன்னும் கால் கிலோமீட்டர்தான் பாக்கி. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கணும். மெதுவா போவணும்."

இறங்கி நடந்தோம், நான் ஜோவியோடு. ஐந்தாவது கிலோமீட்டர் முடிகிற இடத்தில் பாலிதீன் பை ஒன்று கிடந்தது. தயிர்சாதத்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பிப் பார்த்தால் எங்கள் காரைச் சுற்றி பதினோரு கங்காரு. ஒன்று கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுக நாலே முக்கால்ல நிக்குது," என்றான் சிவசைலம். "கணக்குப்படி நாம பார்க்கலாம்."

பார்த்தோம். பிறகு அவை போகும் வரை, ஒன்றே முக்கால் மணி நேரம், ஐந்தாவது கிலோமீட்டரில் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பூங்கா. வாசலில் இரண்டு பலகை. முதலாவது: மேக்பை பறவை கூடு கட்டும் காலம், தலையில் கொத்த வந்தால் நிற்காமல் வேகமாக நடக்கவும். இரண்டாவது: பாம்பைக் கண்டால் அசையாமல் நிற்கவும், அது போகும் வரை. இரண்டையும் சிவசைலம் சத்தமாகப் படித்தான், நாங்கள் திருப்பிச் சொன்னோம். பிறகுதான் உள்ளே போனோம்.

நூறடி போனதும் பாதையில் கறுப்பாக, நீளமாக, நெளிந்து கிடந்தது. நின்றோம். நின்ற மறு நிமிஷம் மேலேயிருந்து மேக்பை வந்து லூர்துவின் உச்சந்தலையில் ஒரு போடு போட்டது.

"நடக்கணும்ல," என்றார் லூர்து.

"நிக்கணும்லா அண்ணாச்சி," என்றான் சிவசைலம், உதடு அசையாமல்.

"கொத்துதுல."

"கீழயும் கொத்தும் அண்ணாச்சி."

ஜோவியின் தலையை என் கழுத்துக்குள் அமுக்கிக்கொண்டேன். "ரெண்டையும் எப்படிங்க செய்யறது? யாராவது சொல்லுங்க," என்றேன். உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

பறவை இன்னும் இரண்டு சுற்று வந்தது. பயிற்சி பெற்ற சிவசைலம்தான் வழி கண்டுபிடித்தான். "மதினி, இருக்கிற இடத்தை விட்டு நகராம, வேகமா நடக்கணும்."

அப்படியே செய்தோம். மூன்று பெரியவர்களும் நின்ற இடத்திலேயே, காலைத் தூக்கித் தூக்கி, இருபத்தைந்து நிமிஷம் நடந்தோம். மேக்பை கிளைக்குப் போய் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. அந்த வழியாக ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், நாங்களும் பயிற்சி செய்கிறோம் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு குனிந்து, பாதையில் கிடந்த தண்ணீர்க் குழாயைச் சுருட்டிப் புல்லில் போட்டுவிட்டு ஓடினார்.

"தைரியசாலி," என்றார் லூர்து.

வீடு திரும்பி சீலிங்கைத் திறந்தோம். ரேடியோவை ஒட்டி, விளக்குச் சூட்டில், பொஸம் சுகமாகப் படுத்திருந்தது. அதன் முதுகில் இன்னொரு சின்ன முகம்.

"ரெண்டாயிட்டுதே அண்ணாச்சி," என்றான் சிவசைலம்.

நானும் ஏணியில் ஏறிப் பார்த்தேன். அதன் கண்ணில் தூக்கமே இல்லை. நேற்றும் முந்தாநாளும் என் கண் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. ரேடியோவை அணைத்தேன். எனக்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். பத்தரைக்கு, விளக்கையும் ரேடியோவையும் இறக்கிவிடலாம் என்று சிவசைலம் பலகையைத் தள்ளினான். ரேடியோ இறங்கியது. ரேடியோவோடு பொஸமும் பிள்ளையும் இறங்கி, அவன் ஹெல்மெட்டில் ஒரு கால் வைத்து, சமையலறைக்குள் போய்விட்டன.

லூர்து துண்டுத்தாளைப் பிரித்தார். சத்தமாகப் படித்தார். "அறைக்குள் வந்துவிட்டால், ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரும் அமைதியாக வெளியேறவும்."

பின்கதவை அகலத் திறந்தோம். ஜோவியையும் டயபர் பையையும் எடுத்துக்கொண்டு அமைதியாக வெளியேறினோம். முன்கதவுச் சாவி உள்பக்கம் பூட்டிலேயே செருகியிருந்தது. அதனால் பதினோரு மணிக்கு வந்த ஏஜெண்ட் அம்மாவின் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்தார். புல்தரையில் நாங்கள் ஒரே வரிசையில் நின்றோம்.

"உள்ள ஒரு பிராணி இருக்கு," என்றேன். அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. "ரெண்டு. ஆனா எங்க பிள்ளை சின்னவன். வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க."

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "பொஸமா? அந்த விதி நீங்க வளர்க்கிற நாய் பூனைக்கு. கூரையில பொஸம் வந்தா அது வீட்டு ஓனர் பாடு. ஒரு போன் பண்ணியிருந்தா மறுநாளே ஆள் அனுப்பியிருப்பேனே. உங்களை யாரும் காலி பண்ணச் சொல்லல."

நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீடு போகவில்லை.

அந்த நேரத்தில்தான், பொஸம் திறந்திருந்த பின்கதவின் உள்பக்கம் தொற்றி ஏறியது. அது ஏறிய கனத்தில் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், அது உச்சிக்குப் போய், எட்டு மாதமாக இறங்காத தாழ்ப்பாளில் பின்னங்கால் இரண்டையும் ஊன்றி, பிள்ளையோடு அலமாரிக்குத் தாவியது.

டக்.

லூர்து எங்களை எண்ணினார். "நீ, நான், ஜோவி, சைலம், இந்த அம்மா. எல்லாரும் வெளியதான நிக்கோம். அப்ப உள்ள தாழ் போட்டது யாரு?"

"குடியிருக்கிறவங்கதான் அண்ணாச்சி," என்றான் சிவசைலம்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வருவார், கதவைத் திறந்து தருவார் என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் அம்மா அடுத்த வீட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனார். அவர் கார் மறைந்ததும் சிவசைலம் தொண்டையைச் செருமினான்.

"மதினி, குடியிருக்கிறவங்க வீட்டுக்குள்ள நுழையணும்னா ஏழு நாள் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். இன்னைக்கு வந்த ஏஜெண்ட் அம்மாவும் நமக்கு அப்படித்தான குடுத்தாங்க."

மறுக்க முடியவில்லை. டயபர் பையிலிருந்த தாளில், என் கான்வென்ட் கையெழுத்தில், மரியாதையான ஆங்கிலத்தில் எழுதினேன். கதவுக்கு அடியில் செருகினோம். உள்ளே இருந்து அது இழுத்துக்கொண்டது.

"வாங்கிட்டா," என்றார் லூர்து.

"ஏழு நாள் நாம எங்கங்க இருக்கறது?"

சிவசைலம் டேப்பை எடுத்தான். தோட்டத்துத் தகரக் கொட்டகை, பின்கதவிலிருந்து பதினான்கு மீட்டர். ஐம்பதுக்குள்தான். புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிவைத்து, ஜோவியை உரச்சாக்கு மேல் படுக்க வைத்தேன். பத்து நாளில் முதல் தடவையாக உடனே தூங்கிப்போனான்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வேன் நின்றது. பூட்ஸ் சத்தம். யாரோ கொட்டகைத் தகரத்தைத் தட்டி, "ஹலோ, உள்ளே யாராவது இருக்கீங்களா? பொஸம் பிடிக்க வந்திருக்கேன்," என்றார்.

"நோட்டீஸ் வச்சிருக்காரான்னு கேளுங்க அண்ணாச்சி," என்று கிசுகிசுத்தான் சிவசைலம்.

லூர்து கேட்டார். அவரிடம் இல்லை.

"என்னங்க," என்றேன், குழந்தை எழுந்துவிடாமல் மெதுவாக, "தாழ் போட்டீங்களா?"

"போட்டாச்சு," என்றார்.