வளராத கை

குன்றையூர் அரசர் நெடுங்கோ பன்னிரண்டு வயதில் பட்டம் சூடியவர். அந்த ஊர் வழக்கப்படி, பட்டம் சூட்டும் நாளில் அரசரின் முழங்கை நீளத்துக்கு ஒரு கோல் வெட்டுவார்கள். ‘அரசர் கையே ஒரு முழம், கூடாது, குறையாது’ என்பது சட்டம். கோலைக் காப்பவன் சாத்தன். அந்த வேலை தன் மைத்துனனுக்கு வேண்டும் என்று அமைச்சர் மழவராயருக்கு வெகுநாள் ஆசை.

அரசருக்கு இருபத்தைந்து வயதானபோது மழவராயர் சபையில் கோலைக் கொண்டுவந்து அரசர் கையோடு சேர்த்துப் பிடித்தார். கோல் நான்கு விரற்கடை குறைந்தது.

“சாத்தன் செதுக்கிவிட்டான், அரசே!”

“நான் தொடவே இல்லை, சாமி!” என்று சாத்தன் அழுதான்.

“சட்டப்படி என் கை மாறாது. ஆகவே கோல்தான் குறைந்திருக்கிறது. இவன் கையை வெட்டுங்கள்” என்றார் அரசர். சட்டம் என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை!

அரசவை விகடன் நக்கன் எழுந்தான். “நியாயமான தீர்ப்பு, அரசே. கூடவே இந்தச் சிங்காசனத்தையும் அளந்துவிடலாமா? பட்டம் சூட்டிய அன்று ஆறு முழ அகலம்.”

அரசர் தன் கையாலேயே அளந்தார். ஐந்து முழம்தான் இருந்தது.

“இதையும் சாத்தன்தான் செதுக்கினான்!” என்றார் மழவராயர்.

“இருக்கும்” என்றான் நக்கன். “கோட்டைச் சுவரை அளந்தாலும் இப்படித்தான் வரும். நம் எல்லையும் அப்படியே. உங்கள் தந்தை விட்டுப்போன நாடு உங்கள் ஆட்சியில் ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது, அரசே. ஒரு பகைவன்கூட வரவில்லை. கல்வெட்டில் பொறிக்கச் சொல்லட்டுமா?”

அரசர் துள்ளி எழுந்தார். “நாடு எங்கே சுருங்கியது? என் கை வளர்ந்திருக்கிறது, அடேய்!”

“தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உங்கள் கையே அளவு என்றால், அது வளர்ந்ததை எதை வைத்து அளப்பது?”

அரசர் தன் கையைப் பார்த்தார், கோலைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “சாத்தன் கோலை வைத்துத்தான்.”

“அப்படியானால் கோல் சரியாக இருக்கிறது. அவன் கையும் அவனிடமே இருக்கட்டும்.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சாத்தனுக்கு வேலையும் நிலைத்தது. “இனி கோல்தான் முழம்! நக்கனுக்கு நூறு முழம் பட்டு கொடுங்கள். மழவராயரே, நீரே அளந்து கொடும்.”

மழவராயர் முகத்தைத் தூக்கிக்கொண்டு கோலை எடுத்தார்.

நக்கன் பணிவாகக் கைகூப்பினான். “அரசே, புதுச் சட்டம் நாளையிலிருந்து தொடங்கட்டுமே. இன்றைக்கு உங்கள் கையாலேயே அளந்து கொடுங்கள்.”