காக்கைக்கு வைத்த மூன்று உருண்டை

முன்னொரு காலத்திலே, காக்கைகள் மனிதரோடு வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த அந்த நல்ல காலத்திலே, கன்னலாறு என்று ஓர் ஆறு ஓடியது. அதன் துறையில் ஓடம் ஓட்டியவள் மரிக்கொழுந்து. அக்கரை சேர்வதற்குள் மூன்று பாட்டுப் பாடிவிடுவாள். வெள்ளக் காலத்தில் ஆண்பிள்ளைகள் தயங்குவார்கள், அவள் துடுப்பு தயங்காது.

ஒருநாள் தூமகேசன் என்பவன் அந்த ஓடத்தில் ஏறினான். பட்டுச் சால்வை, தேன் ஒழுகும் பேச்சு. அவன் மந்திரவாதி என்று யார் கண்டார்கள்? பெண் கேட்டான், அப்பன் கொடுத்தான், ஏழு மலை தாண்டிக் கூட்டிப்போனான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். அக்காலத்தில் பல வீட்டில் இருந்ததுதான். புருஷன் உண்டு எழுந்த இலையில் பெண்டாட்டி உட்கார்ந்து உண்ண வேண்டும். தூமகேசன் அந்த எச்சில் இலையில்தான் தன் மந்திரத்தை வைத்தான். தினம் அதில் உண்பாள், தினம் ஒரு நினைவை மறப்பாள். பாட்டு போயிற்று. ஆறு போயிற்று. அப்பன் முகமும் போயிற்று.

அடிக்கவும் அடித்தான், பாவி. உப்புக் கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் “என்ன திமிர்!” என்று அடி. அப்புறம் அவள் அந்த இலையில் உண்பாள், அடியும் மறந்துபோகும். கன்றிப்போன கையைப் பார்த்து, “எங்கேயோ இடித்துக்கொண்டேன் போல” என்பாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. போக ஓர் இடம் நினைவில் இருந்தால்தானே போவாள்?

சமையற்கட்டில் ஓர் அம்மியும் ஓர் உரலும் கிடந்தன. இரண்டும் அவனுடைய முந்தைய மனைவிகள். நினைவெல்லாம் தீர்ந்தவள் அந்த வீட்டில் கல்லாகிவிடுவாள். ஆடி அமாவாசை வந்தபோது மரிக்கொழுந்திடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, ஈரப் பலகையின் வாசனை. எந்தப் பலகை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அன்று உச்சிப் பொழுதில் தூமகேசன் சொன்னான்: “அடியே, என் முன்னோருக்கு மூன்று உருண்டை பிடித்துக் காக்கைக்கு வை. காக்கை எடுத்த பிறகுதான் நான் இலையில் உட்காருவேன்.” பேய்க்கும் அஞ்சாதவன் செத்துப்போன பாட்டன்மாருக்கு மட்டும் அஞ்சினான்.

கொல்லை மதில்மேல் அவள் சோற்றை வைத்தாள். காக்கை வந்தது. சோற்றைப் பார்க்காமல் அவளைப் பார்த்தது.

“ஏம்மா, இன்றைக்கும் அவன் இலையில் உண்டால் நீ ஆட்டுக்கல்லாகிவிடுவாய். இதைத் தின்னு.”

“ஐயோ, இது உனக்கு வைத்தது! அவரே இன்னும் சாப்பிடவில்லை.”

“அதனால்தான் சொல்கிறேன். அவன் உண்பதற்கு முன்னால் எடுத்து வைக்கிற சோறு இந்த வீட்டில் இது ஒன்றுதான். இதில் அவன் மந்திரம் இல்லை; செத்தவர்களை நினைத்து வைத்த சோறு, போன நினைவையும் கொண்டுவரும். எனக்கும் பசிதான், பரவாயில்லை. தின்னு.”

முதல் உருண்டையைத் தின்றாள். ஆறு வந்தது! விடியற்காலைப் பனி, நனைந்த ஓடப்பலகை, கரையில் அப்பனோடு வெங்காயம் கடித்துக் குடித்த கம்பங்கூழ், அக்கரையிலிருந்து “ஓடம், ஓடம்!” என்று கூப்பிடும் பால்காரிகள், மூன்று பாட்டும் வரி விடாமல். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது உருண்டையைத் தின்றாள். அடிகள் வந்தன. ஒன்று விடாமல் வந்தன. மதிலோரம் சுருண்டு உட்கார்ந்து, “இது வேண்டாம், இது வேண்டாம்” என்று அழுதாள்.

“மூன்றாவதையும் தின்னு தாயே,” என்றது காக்கை. “பாதியில் விட்டால் அழுகைதான் மிஞ்சும்.”

மூன்றாவதையும் தின்றாள். தன் பெயர் வந்தது. “மரிக்கொழுந்து,” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

“காக்கை எடுத்ததா?” என்று உள்ளிருந்து கத்தினான் தூமகேசன்.

வெறும் வயிற்றோடு காக்கை மூன்று தடவை கரைந்தது. அவன் நம்பி உட்கார்ந்தான், மூக்கு முட்ட உண்டான், எழுந்தான். “உட்காரடி. சாப்பிடு.”

“நான் சாப்பிட்டாச்சு.”

அப்படி ஒரு வார்த்தையை அந்த வீட்டுச் சுவர்கள்கூடக் கேட்டதில்லை. அவன் கையை ஓங்கினான். ஆனால் இலையில் இருந்த மந்திரத்துக்கு ஆள் வேண்டுமே! ஏவிவிட்ட மந்திரம் ஆள் கிடைக்காமல் திரும்பி, ஏவியவனையே பிடித்துக்கொண்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. “நான் எதற்குக் கையைத் தூக்கினேன்?” என்று அவளையே கேட்டான்.

“அது உனக்கு மறந்துபோகட்டும். எனக்கு மறக்காது,” என்றாள் அவள்.

அவனுக்கு மந்திரம் மறந்தது, வீடு மறந்தது, பெயர் மறந்தது. வெயிலில் இறங்கி எங்கோ நடந்துபோனான். அம்மி ஒரு பெண்ணாக எழுந்தது, உரல் ஒரு பெண்ணாக எழுந்தது. மூன்று பேரும் ஏழு மலை தாண்டிக் கன்னலாற்றுக்கு வந்தார்கள். அப்பன் காலமாகியிருந்தான். ஓடம் மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. மரிக்கொழுந்து அதன்மேல் சாய்ந்து அழுதாள், பிறகு நிமிர்த்தினாள், ஓட்டை அடைத்தாள், துறைக்காரி ஆனாள்.

முதல் நாள் கூலியில் மூவரும் சோறு வடித்தார்கள். மூன்று இலை போட்டார்கள். ஆவி பறக்கிற சோறு. ஒருத்தியும் கை வைக்கவில்லை. யாரோ வந்து முதலில் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று மூன்று பேரும் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருக்காக அக்கா காத்திருக்கிறோம்?” என்று கேட்டாள் அம்மியாக இருந்தவள்.

மரிக்கொழுந்து சுடச்சுட ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டாள்.