செண்பகவடிவு அம்மையார் கேட்க வைத்த கதை

காலை ஆறரை. திருநெல்வேலியில் பைரவர் சந்நிதிக் கதவு திறக்கும்போது செண்பகவடிவு அம்மையார் வாசலில் நிற்பார். சிவப்புத் துணியில் மிளகு முடிந்து விளக்கேற்றுவார். பிறகு தோள்பையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்.

மருந்து நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. விற்பதல்ல, அரிய நோய்களைப் பற்றிய புதிய ஆய்வுகளை மருத்துவர்களிடம் கொண்டுசேர்ப்பது. நாளின் பெரும்பகுதி அறை வாசல்களில் காத்திருப்பதிலேயே போகும். அந்த வேலைக்கு ஒரு கட்டு உண்டு. நாட்டில் இன்னும் விற்பனைக்கு வராத மருந்தைப் பற்றி அவராக வாய் திறக்கக் கூடாது. மருத்துவர் கேட்டால் சொல்லலாம்.

குழந்தைகள் பிரிவின் தலைவர் டாக்டர் பொன்னம்பலவாணன். அவருடைய வார்டில் இசக்கியம்மாள் என்ற குழந்தை கழுத்து நிற்காமல் துவண்டு கிடந்தது. தசை தளரும் அரிய நோய். மருந்தில்லை என்று டாக்டர் முடிவு கட்டியிருந்தார். மருந்து வெளிநாட்டில் இருந்தது. மருத்துவர் கேட்டு எழுதினால் நிறுவனம் இலவசமாகவே வரவழைத்துக் கொடுக்கும். அம்மையார் அந்த நோயைப் பற்றிய கட்டுரையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"என்னம்மா, இந்தத் தடவ பேனா இல்லையா? காலண்டராவது உண்டா?" என்றார் டாக்டர். மாணவர்கள் சிரித்தார்கள். "இந்தக் காயிதத்துல வடைதான் மடிக்கணும்."

அவர் கேட்கவில்லை. அம்மையார் சொல்லவில்லை. குழந்தை இறந்தது.

மறுநாள் விளக்கின் முன் அம்மையார் அழவில்லை. "அந்த மனுசன் எங்கிட்ட கேக்கணும். அவரு வீட்டுத் தொட்டிலுக்காகக் கேக்கணும். அதுவரைக்கும் உன்ன விடமாட்டேன், பைரவா" என்றார்.

நிறுவனம் சென்னையில் பெரிய பதவி கொடுத்தது; மறுத்தார். டாக்டரின் கேலி நிற்கவில்லை. அதையும் மிளகோடு சேர்த்து முடிந்தார். விளக்கு ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு தேய்பிறை அஷ்டமியன்று டாக்டர் சந்நிதிக்கே தேடி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மகள் வயிற்றுப் பேரனுக்குக் கழுத்து நிற்கவில்லை. அதே நோய்.

"இதுக்கு எங்கயாவது மருந்து இருக்காம்மா?"

"காதுல விழல, டாக்டர்."

"மருந்து இருக்கா?"

"இன்னொரு தரம் கேளுங்க."

கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். அம்மையாருக்கு உடம்பெல்லாம் இனித்தது. பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

வேண்டியதை வேண்டியபடியே பைரவர் கொடுத்தார். பகையையே பூசையாக்கி, ஒரு நாளும் தளராத அம்மையாரின் உறுதியை வணங்குவோம்.

டாக்டர் போகவில்லை. விளக்கைப் பார்த்தபடி நின்றார்.

"அந்த இசக்கிப் பிள்ளைக்கும் இது கெடச்சிருக்கும்லா... நீங்க ஏம்மா அன்னைக்கு வாயத் தொறக்கல?"