வாசக்கதவைக் கேட்ட சுடலைமணி

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. விண்கலத்துச் சமையக்காரன் சுடலைமணி சாம்பார்ல உப்புப் போட மறந்துட்டான். கேப்டன் கோதண்டம் மீசை துடிக்க, "அமில மழை கொட்டுற அந்தக் கிரகத்துல எறக்கி விடுங்கடா இவன!"ன்னாரு.

கப்பலும் அங்க போய் நின்னுச்சு. எறங்குறவன் கேக்குற ஒரு பொருளக் குடுத்தே ஆகணும்கிறது கப்பல் வழக்கம். குடுக்கலன்னா கேப்டன்தான் எறங்கணும்.

"என்னடா வேணும்? கரண்டியா?"

"இந்த வாசக்கதவு போதுங்கய்யா. மழைக்குத் தலைக்கு மேல புடிச்சுக்கிறேன்."

"கதவில்லாம கப்பல் எப்படிடா பறக்கும்?"

"அது உங்க கவலைங்கய்யா. எனக்கு மழைதான் கவல."

கப்பல்ல இருந்த அத்தன பேரும் சிரிச்சுட்டாங்க. கேப்டன் வெளிய கொட்டுற மழையப் பாத்தாரு. உக்காந்து, அதே சாம்பார மூணு கரண்டி ஊத்திச் சாப்பிட்டு, "பிரமாதம்"ன்னாரு.

கதையக் கேட்டுச் சிரிச்சவங்க எனக்கு ஆளுக்கொரு வடை எடுத்து வைங்க. சிரிக்காதவங்க ரெண்டு!