பீப்பாய்த் தெரு

ஜப்பானில் அரிசி மது வடிக்கும் ஓர் ஊர். அங்கே பீப்பாய் செய்பவர்களின் தெருவில் ஒரு ஜென் மடம் இருந்தது. குரு மியோரன், ஒரு துறவினி. சீடர் ஹெய்சுகே அவரைவிட மூத்தவர். அரிசி வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்.

விடிந்ததும் மூங்கில் வளையங்களைச் சுத்தியலால் இறுக்கும் சத்தம் தொடங்கிவிடும். ஹெய்சுகே தியானத்தில் நெளிவார். “சவகஷீ” என்று முணுமுணுப்பார். இரைச்சல் மிகுந்த இடத்தையும் அடங்காத ஆட்களையும் அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

குளிர்காலத்து ஏழு நாள் தியானம் வந்தது. இம்முறையும் மனம் நிற்காவிட்டால் வீட்டுக்கே திரும்பிவிடுவதென்று ஹெய்சுகே முடிவுசெய்திருந்தார். குருவிடம் கேட்காமலே அடுத்த வீட்டுக் கின்சோவிடம் போய், தியானம் முடியும்வரை தெருவே வேலையை நிறுத்த வேண்டும் என்றார்.

கின்சோ கும்பிட்டான். “பீப்பாய்க்கு வாயை மூடத் தெரியாது சாமி. நாங்கள் மூடிக்கொள்கிறோம்.”

தெரு அடங்கியது. முதல் நாள் ஹெய்சுகேவுக்குத் தன் வயிறு இரைவது கேட்டது. மறுநாள், பக்கத்தில் இருந்தவரின் மூச்சு. அதற்கடுத்த நாள் சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. ஓயவே இல்லை.

குருவைத் தனியே பார்க்க விரும்புகிறவர் முதலில் வெளியே இருக்கும் மணியை ஒருமுறை தட்ட வேண்டும். ஹெய்சுகே அடித்த அடியில் மணி ஆடிக்கொண்டே இருந்தது.

“என்ன?” என்றார் குரு.

“சவகஷீ.”

“சுத்தியல்தான் நின்றுவிட்டதே.”

“இப்போது குழந்தை, குருவே.”

“சுத்தியலை நிறுத்தியவர் நீங்கள்தானே. இதையும் நிறுத்திவிட்டு வாருங்கள்.”

ஹெய்சுகே போய்ப் பார்த்தபோது கின்சோ வீட்டு அடுப்பில் நெருப்பில்லை. பீப்பாய் விற்றுப் போனால்தான் அந்த வீட்டுக்கு அரிசி வரும். அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

“சுத்தியல் எங்கள் கையில் இருந்தது, நிறுத்தினோம்” என்றாள். “எனக்குப் பால் வற்றிவிட்டது. இதை எப்படி நிறுத்துவதென்று சாமிதான் சொல்ல வேண்டும்.”

ஹெய்சுகே மடத்துக்கு ஓடினார். தன் பங்குக் கஞ்சியை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தார். கின்சோவிடம் வேலையைத் தொடங்கச் சொன்னார். பிறகு குருவின் முன் போய் நின்றார்.

“குழந்தை?”

“தூங்குகிறது.”

“கின்சோ?”

“சுத்தியலை எடுக்கச் சொல்லிவிட்டேன்.” ஹெய்சுகே தலை குனிந்தார். “இனி என்னால் இங்கே உட்கார முடியாது. வீட்டுக்குப் போக உத்தரவு கொடுங்கள்.”

அதற்குள் சுவருக்கு அப்பால் முதல் அடி விழுந்தது. இரண்டாவது எதிர்வீட்டில். பிறகு தெரு முழுவதும்.

குரு எழுந்து சன்னலைத் திறந்தார்.

“போகலாம்” என்றார். “இதில் கின்சோவின் சுத்தியல் எது என்று காதால் கேட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.”

ஹெய்சுகே உட்கார்ந்தார்.